துணையிழந்த சங்கிலி: தலசீமியா நோயும் கலத்தினுள் நிகழும் புரதச் சிதைப்பும்

உயிர் என்பது புரதப் பொருள்களின் இருத்தல் முறையே என்றும், அப்பொருள்கள் தம்மைத் தாமே இடையறாது புதுப்பித்துக்கொள்வதே அவ்விருத்தல் முறையின் சாரம் என்றும் ஏங்கெல்ஸ் 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் நூலிற் கூறியமையை மார்க்சிய வாசகர் அறிவர். அந்நூல் வெளிவந்த 1878ஆம் ஆண்டில் புரத இரசாயனவியல் குழவிப் பருவத்தில் இருந்தமையால் அக்கூற்று நுண்ணிய ஊகம் என்ற அளவிலேயே நின்றது. நாற்சி ஜேர்மனியிலிருந்து வெளியேறி நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ருடொல்வ் ஷோன்ஹைமர், 1930களின் பிற்பகுதியில், நிறைகூடிய நைதரசன் அணுக்களை உணவிற் சேர்த்து அவை உடலில் எங்குச் செல்கின்றன என்று தொடர்ந்து நோக்கினார். வளர்ச்சி முற்றுப்பெற்ற உடலிலும் புரதங்கள் ஓயாது சிதைக்கப்பட்டும் புதிதாக ஆக்கப்பட்டும் வருகின்றன என்பது அப்பொழுது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. அவர் இறந்ததற்கு மறு ஆண்டு, 1942இல், அவருடைய விரிவுரைகள் நூலுருப் பெற்றன. கட்டிடம் போல நிற்பதன்று உடல், ஆறுபோல ஓடுவது.

உயிருள்ள கலம் ஆக்குகின்றது என்பதை நாம் எளிதில் ஏற்றுக்கொள்கின்றோம். அது சிதைக்கவும் செய்கின்றது, அதுவும் இன்னதைச் சிதைக்கலாம் இன்னதைச் சிதைத்தலாகாது என்று தெரிந்தெடுத்துச் சிதைக்கின்றது என்பதும், அத்தொழிலின் வலுவும் வலுவின்மையும் சில பரம்பரை நோய்களின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்பதும் அத்துணை பரவலாக உணரப்படவில்லை. இலக்கிய மாணவராகிய நாம் இப்பொருளிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், பரம்பரை நோய் என்றவுடன் எமது சமுதாயத்தில் முன்வந்து நிற்கும் சொற்கள் யாவை? ஊழ், கன்மம், குலதோஷம், செய்த பாவம் என்பனவே. சொற்களின் சமூக வரலாற்றை ஆராய்வது எமது தொழில். அச்சொற்கள் மூடிநிற்கும் பொருளை அறியாது அவற்றை விமர்சித்தல் இயலாது என்பதனாலேயே இக்கட்டுரை எழுந்தது.

இலங்கையிற் பரவலாகக் காணப்படும் பரம்பரைக் குருதி நோய் தலசீமியா ஆகும். 1925இல் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரிற் குழந்தை மருத்துவராயிருந்த தோமஸ் கூலி இதனைத் தனி நோயாக இனங்கண்டார். மத்தியதரைக் கடலோரத்திலிருந்து குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளிடத்து முதலில் அறியப்பட்டமையால், கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நோய்க்குப் பெயர் வந்தது. பெயர் பொருந்தாப் பெயரே. மேற்காபிரிக்கா முதல் தென்கிழக்காசியா வரை மலேரியா நிலவிய நிலப்பரப்பு முழுவதும் இந்நோயின் நிலமாகும். கொழும்பில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் சி. சி. டி சில்வா போன்றோர் 1950களிலும் 1960களிலும் இந்நோயையும் அதனோடு தொடர்புடைய ஈமோகுளோபின் 'ஈ' என்னும் திரிபையும் சிங்களக் குடும்பங்களிற் கண்டு பதிவுசெய்தனர். பின்னர் ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதரோல், ரொறன்ரோவின் நான்சி ஒலிவியரி ஆகியோர் இலங்கை மருத்துவர்களோடு சேர்ந்து குருநாகல், ராகம முதலிய இடங்களில் நீண்டகால ஆய்வுகளை நடத்தினர். 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வின்படி, எந்த ஒரு வேளையிலும் சிகிச்சை வேண்டிநிற்கும் நோயாளர் தொகை இரண்டாயிரத்தை விஞ்சும். அவர்களுக்கு முறையான சிகிச்சை அளிப்பதாயின் நாட்டின் சுகாதாரச் செலவினத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் வாசகர் இதனைத் தொலைவிலுள்ள உலர்வலயக் கிராமங்களின் நோயென எண்ணுதல் கூடும். வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களில் நோய் மிகுதி என்பது உண்மை. ஆயினும் இலங்கை நோயாளரிடத்து மிகுதியாகக் காணப்படும் விகாரங்களுள் முதன்மையான ஒன்று தமிழகம் உட்பட இந்தியத் துணைக்கண்டம் எங்கும் காணப்படுவது. அது மொழி பார்த்தோ மதம் பார்த்தோ பரவியதன்று. மேலும், 1983இன் பின்னர் வடகிழக்கிலிருந்தும், அதற்கு முன்னும் பின்னும் மலையகத்திலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களால் நிரம்பிய கொழும்பில், எந்த நோயையும் 'அவர்களுடைய நோய்' என்று ஒதுக்குவதற்கு இடமில்லை.

இனி நோயின் உள்ளியல்பை நோக்குவோம். குருதிக்குச் செந்நிறம் தருவதும் ஒட்சிசனைக் காவிச் செல்வதும் ஈமோகுளோபின் என்னும் புரதமே. அது நான்கு சங்கிலிகளால் ஆயது: 141 அமினோ அமிலங்களைக் கொண்ட அல்பாச் சங்கிலிகள் இரண்டு, 146 அமினோ அமிலங்களைக் கொண்ட பீற்றாச் சங்கிலிகள் இரண்டு. அல்பாச் சங்கிலிக்கான பரம்பரை அலகுகள் பதினாறாம் நிறமூர்த்தத்தில், தாய் வழி இரண்டும் தந்தை வழி இரண்டுமாக நான்கு உள்ளன. பீற்றாவுக்கானவை பதினோராம் நிறமூர்த்தத்தில், தாய்க்கு ஒன்றும் தந்தைக்கு ஒன்றுமாக இரண்டே. வெவ்வேறு நிறமூர்த்தங்களிலிருந்து வெவ்வேறாக உற்பத்தியாகும் இவ்விரு வகைச் சங்கிலிகளும் ஏறத்தாழச் சம அளவில் வந்து சேர்ந்தால் மாத்திரமே ஈமோகுளோபின் உருவாகும். பீற்றாத் தலசீமியாவில் பீற்றாச் சங்கிலி குறைவாகவே உற்பத்தியாகின்றது. சில விகாரங்களில் முற்றாகவே இல்லாதொழிகின்றது. அல்பாச் சங்கிலியோ வழமைபோல் வந்து குவிகின்றது. இச்சமமின்மையை வெதரோலும் ஜோன் கிளெக்கும் 1965இல் கதிரியக்க முறையால் அளந்து காட்டினர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், கிரேக்க மருத்துவர் ஃபெசாஸ் நோயாளரின் என்பு மச்சைக் கலங்களினுள் அல்பாச் சங்கிலிகள் திரண்டு படிந்துகிடப்பதை நுணுக்குக்காட்டியிற் கண்டிருந்தார்.

இவ்விடத்து ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். கலத்தை அழிக்கும் அல்பாச் சங்கிலியில் எவ்விதக் குறையும் இல்லை. அதன் அமினோ அமில ஒழுங்கு நலமுள்ளவரது சங்கிலியிலிருந்து எள்ளளவும் வேறுபட்டதன்று. துணை கிடைக்கும்போது அதுவே எம்மை வாழ்விக்கும் பொருள். துணை கிடையாதபோது அதுவே நஞ்சு. தனித்து நிற்கும் சங்கிலி நிலைகுலைந்து ஒட்சியேற்றமடைகின்றது. அதன் மடிப்பு அவிழ்கின்றது. ஈம் கூறும் இரும்பும் விடுபடுகின்றன. அவ்விரும்பு, தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வடிவங்களைத் தோற்றுவித்துக் கலத்தின் மென்சவ்வைத் தாக்குகின்றது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரையாத வீழ்படிவாகின்றன. எனவே குறை பொருளில் இல்லை, உறவில் உள்ளது. பொருள்களைத் தனித்தனியாக நிறுத்தி அவற்றின் இயல்பை வரையறுக்கும் சிந்தனை முறைக்கு இந்நோய் புலப்படாது.

துணையற்ற சங்கிலியைக் கலம் உடனடியாக அழித்துவிடுவதில்லை. முதலில் அதனைக் காக்கவே முயல்கின்றது. 2002இல் அமெரிக்காவின் மிச்சல் வைஸ் குழுவினர், அல்பாச் சங்கிலியோடு மாத்திரம் இணைந்து அதனை நிலைநிறுத்தும் ஒரு சிறு புரதத்தை இனங்கண்டனர். பீற்றாச் சங்கிலி வந்துசேரும் வரை அது அல்பாவைப் பற்றிக்கொண்டிருந்து, வந்தவுடன் கையளித்து விலகிக்கொள்ளும். இத்தகைய புரதங்களுக்கு மேலைநாட்டார் இட்ட பெயர், மணமாகாத மகளிர் வெளியிற் செல்லும்போது தகாத தொடர்பு நேராதவாறு உடன்சென்ற முதுபெண்டிரைக் குறிக்கும் சொல். விக்ரோறியா காலத்து உயர்குடி ஒழுக்கம் ஆய்வுகூடத்தினுள் நுழைந்த வழி இது. எமது அகமரபில் காவல் செவிலியின் தொழில், கூட்டுவித்தல் தோழியின் தொழில். இப்புரதமோ தகாத சேர்க்கையைத் தடுப்பதோடு நில்லாது தக்க துணையிடம் சேர்ப்பிக்கவும் செய்வதால் தோழி என்ற பெயரே அதற்குக் கூடுதலாகப் பொருந்தும். நாம் இதனைத் தோழிப்புரதம் என்றே குறிப்போம். கலைச்சொல்லாக்கக் குழுவினர் பொறுத்தருள்வர் என நம்புகின்றோம்.

தோழிப்புரதத்தின் தொகைக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேற்பட்டு எஞ்சும் சங்கிலிகளுக்குச் சிதைப்பே வழி. 1950களில் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்ரியன் டி டுவே, கலத்தினுள் நொதியங்கள் நிறைந்த சிறு பைகளைக் கண்டு இலைசோசோம் எனப் பெயரிட்டார். புரதச் சிதைப்பு முழுவதும் அப்பைகளுள்ளேயே நிகழ்கின்றது என்ற கருத்து அதன்பின் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. ஆனால் இரண்டு செய்திகள் அதனோடு முரண்பட்டு நின்றன. புரதத்துக்குப் புரதம் ஆயுள் வேறுபட்டது. எல்லாவற்றையும் ஒருசேர விழுங்கும் பையினால் அவ்வேறுபாட்டை விளக்க இயலாது. மற்றையது, சிதைப்புக்குச் சக்தி செலவாகின்றது என்பது. உணவுக்கால்வாயிற் புரதம் செரிப்பதற்குச் சக்திச் செலவு வேண்டியதில்லை. கலத்தினுள் மட்டும் வேண்டப்படுவது ஏன்?

இம்முரண்பாட்டைத் தீர்த்தது முதிராச் செங்குழியமே என்பது எமது பொருளுக்கு மிகவும் இயைபுடையது. என்பு மச்சையில் உருவாகும் செங்குழியம் முதிரும்போது கருவை வெளித்தள்ளுகின்றது, இலைசோசோம்களையும் இழக்கின்றது. ஆயினும் முதிராச் செங்குழியங்கள், பிழையாக ஆக்கப்பட்ட ஈமோகுளோபினை விரைந்து சிதைப்பதை ஆய்வாளர் கண்டனர். பையில்லாத கலத்தில் சிதைப்பு நிகழ்வதாயின் வேறொரு பொறிமுறை இருந்தாதல் வேண்டும். முயலின் முதிராச் செங்குழியங்களிலிருந்து பெற்ற சாற்றில் அத்தகைய சக்தி சார்ந்த சிதைப்பை எட்லிங்கரும் கோல்ட்பேர்க்கும் 1977இற் காட்டினர். ஹைஃபா நகரின் அவ்ராம் ஹேர்ஷ்கோவும் அவரது மாணவர் ஆரோன் சிச்சனோவரும் பிலடெல்பியாவின் ஏர்வின் ரோஸோடு சேர்ந்து அதே சாற்றைக் கூறு கூறாகப் பிரித்து ஆராய்ந்து, 76 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு புரதத்திற்கு வந்துசேர்ந்தனர். எங்கும் காணப்படுவது என்ற பொருளில் யுபிகுயிற்றின் எனப் பெயர்பெற்றிருந்த புரதம் அது. 2004ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

யுபிகுயிற்றின் தானே எதனையும் சிதைப்பதில்லை. அது ஒரு முத்திரை. முதல் நொதியம் ஏ.ரி.பி.யைச் செலவிட்டு யுபிகுயிற்றினை ஊக்குவிக்கின்றது. இரண்டாவது அதனை ஏற்று வைத்துக்கொள்கின்றது. மூன்றாவது, சிதைக்கப்படவேண்டிய புரதத்தை இனங்கண்டு அதன்மேல் முத்திரையைப் பொருத்துகின்றது. மனிதக் கலத்தில் இம்மூன்றாம் வகை நொதியங்கள் பல நூறு உள. எதனை அழிப்பது என்ற தெரிவு பெரிதும் அவற்றின் கையிலேயே உள்ளது. ஒரு முத்திரையின்மேல் இன்னொன்றாக நான்கு வரை சேர்ந்தால், அப்புரதம் புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவான பொறியிடம் செல்கின்றது. பீப்பாயின் வாயிலிலுள்ள ஆறு உறுப்புகள் ஏ.ரி.பி.யின் சக்தியைக் கொண்டு புரதத்தின் மடிப்பை அவிழ்த்து நூலாக உள்ளே இழுக்கின்றன. வெட்டும் பகுதிகள் உட்புறத்திலேயே அமைந்திருப்பதால் வெளியில் திரியும் நல்ல புரதங்களுக்கு ஊறு நேராது. வெட்டுண்ட துண்டுகள் பின்னர் அமினோ அமிலங்களாகிப் புதிய புரத ஆக்கத்துக்குப் பயன்படுகின்றன. முத்திரைகளோ கழற்றப்பட்டு மீண்டும் வழக்கிற்கு வருகின்றன. சக்தி செலவாவது ஏன் என்ற வினாவுக்கும் இங்கேயே விடை கிடைக்கின்றது. சக்தி வேண்டப்படுவது வெட்டுவதற்கன்று; தெரிந்தெடுப்பதற்கும் அவிழ்ப்பதற்குமே.

தலசீமியா நோயாளரின் குருதிச் சாற்றில் மிகையான அல்பாச் சங்கிலிகள் யுபிகுயிற்றின் வழியாகச் சிதைக்கப்படுவதை ஷேஃபர் 1988இல் நிறுவினார். துணையற்ற அல்பாவை அடையாளங்கண்டு முத்திரையிடும் நொதியம் ஒன்று 2017இல் இனங்காணப்பட்டது. ஆயினும் புரோட்டியசோமின் வாயில் குறுகலானது. கரைந்த நிலையிலுள்ள சங்கிலியை ஒவ்வொன்றாக அது உள்வாங்கும். ஏற்கெனவே திரண்டு இறுகிய வீழ்படிவை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. அங்கே தொழிற்படுவது தன்விழுங்கல் என்னும் பிறிதொரு முறை. இரட்டைச் சவ்வொன்று வளர்ந்து, திரளை வளைத்து மூடிப் பையாகி, இலைசோசோமோடு இணைகின்றது. யப்பானிய அறிஞர் யொஷினோரி ஓசுமி மதுவக் கலங்களில் இதற்குரிய பரம்பரை அலகுகளை 1990களில் கண்டறிந்தமைக்காக 2016இல் நோபல் பரிசு பெற்றார். டி டுவேயின் பை இவ்வாறு மீண்டும் அரங்கினுள் வந்தது. முன்னைய கொள்கை முற்றாகப் பொய்க்காது, தனக்குரிய எல்லைக்குள் உண்மையாகி நின்றது.

தோழிப்புரதம், புரோட்டியசோம், தன்விழுங்கல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாயும் ஒன்றன் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்தும் தொழிற்படுகின்றன. தலசீமியா எலிகளில் 2012இல் நடத்தப்பட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஆனால் இம்மூன்றுக்கும் சேர்ந்தே ஓர் எல்லை உண்டு; நோய் அவ்வெல்லையிலேதான் தொடங்குகின்றது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் குறையுள்ள பீற்றா அலகைப் பெற்ற காவியின் கலங்களிலும் அல்பாச் சங்கிலி மிகையாகவே உண்டாகின்றது. ஆயின் அம்மிகை சிதைப்பின் வலுவுக்கு உட்பட்டது. அதனாலேயே காவிகள் வேலை செய்து, பிள்ளை பெற்று, முதுமையடைந்து, தாம் காவிகள் என்பதை அறியாமலே மறைகின்றனர். இருவரிடமிருந்தும் குறையைப் பெற்ற பிள்ளையிலோ மிகை எல்லையை மீறுகின்றது. என்பு மச்சையிலேயே கலங்கள் பெருந்தொகையாக மடிகின்றன. தப்பி வெளிவருவனவும் மண்ணீரலிற் சிதைகின்றன. நலமுள்ள செங்குழியத்தின் 120 நாள் ஆயுள் அவற்றுக்கு வாய்ப்பதில்லை. குருதிச்சோகையை உணர்ந்த உடல் மேலும் மேலும் கலங்களை ஆக்க முயல, மச்சை விரிவடைந்து முக என்புகளும் மண்டையோடும் உருமாறுகின்றன. எவ்வளவுக்கு உற்பத்தி பெருகுகின்றதோ அவ்வளவுக்கு நட்டமும் பெருகுகின்றது.

இவ்விளக்கம் சரியாயின், பீற்றாவின் குறை மாறாதிருக்க அல்பாவின் உற்பத்தி குறைந்தாலும் நோய் தணிதல் வேண்டுமல்லவா? அவ்வாறே நிகழ்கின்றது. இலங்கையில் அல்பா அலகுகளுள் ஒன்றோ இரண்டோ இழக்கப்பட்டிருப்பது பரவலானது. பீற்றாக் குறையோடு இவ்விழப்பும் சேர்ந்து வந்த பிள்ளைகளின் நோய் மென்மையாயிருக்கின்றது. இரண்டு குறைகள் கூடி ஒரு நலனாகும் இவ்விந்தையைக் கூட்டல் கணக்கால் விளங்கிக்கொள்ள முடியாது. பிறந்த பின்னரும் கருப்பருவத்துக் காமாச் சங்கிலி தொடர்ந்து உற்பத்தியாகுமாயின் அதுவும் அல்பாவுக்குத் துணையாகி நோயைத் தணிக்கின்றது.

இலங்கை நோயாளருள் கணிசமானோரிடம் காணப்படும் ஈமோகுளோபின் 'ஈ'–பீற்றாத் தலசீமியா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பீற்றாச் சங்கிலியின் இருபத்தாறாம் இடத்தில் குளூற்றாமிக் அமிலம் இருக்கவேண்டிய விடத்து இலைசீன் அமர்வதே 'ஈ' திரிபு. அதே மாற்றம் செய்திகாவும் மூலக்கூறு பிழையாக வெட்டப்படுவதற்கும் இடமளிப்பதால் சங்கிலியின் அளவும் குறைகின்றது. இத்திரிபை ஒரு பெற்றோரிடமிருந்தும் பீற்றாத் தலசீமியாவை மற்றவரிடமிருந்தும் பெற்ற இலங்கை நோயாளரை ஆராய்ந்த அநுஜ பிரேமவர்தன முதலியோர் 2005இல் அவர்களைத் தீவிரத்தின் அடிப்படையில் ஐந்து தொகுதிகளாக வகுத்தனர். ஒரு முனையில் குழந்தைப் பருவத்திலிருந்தே குருதி ஏற்றாது வாழ இயலாதவர். மறுமுனையில் சிகிச்சையின்றியே ஏறத்தாழ இயல்பாக வளர்ந்தவர். 'ஈ' திரிபும் பீற்றாக் குறையும் கொண்ட இருவரின் வாழ்வு இத்துணை வேறுபடுமாயின், பரம்பரை அலகைத் தலையெழுத்தோடு ஒப்பிடுவது அறிவியற் சொல்லால் ஊழ்வினையை மீட்டெடுப்பதேயாகும். அவ்வொப்பீட்டைச் செய்திப் பத்திரிகைகள் விரும்பிக் கையாள்கின்றன.

சிதைப்பு எப்பொழுதும் நலம் பயக்கும் என்றும் கொள்ளலாகாது. ஐரோப்பியரிடத்துப் பெருகக் காணப்படும் நாரடர் திசுக்கட்டி நோயில், 508ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றை இழந்த ஒரு புரதம் சற்றே கோணலாக மடிகின்றது. கல மேற்பரப்பைச் சென்றடைந்தால் அது ஓரளவேனும் பணியாற்ற வல்லது. ஆனால் கலம் அதனைச் செல்லவிடாது புரோட்டியசோமிடம் ஒப்படைத்துவிடுகின்றது. இதனை 1995இல் ஆய்வாளர் நிறுவினர். இங்கு நோயாளியை வருத்துவது குறையுள்ள புரதம் மாத்திரமன்று, மிகைக் கண்டிப்புள்ள சிதைப்புமாகும். ஒரே பொறிமுறை ஒரு நோயில் காவலாகவும் மற்றொன்றில் கேடாகவும் அமைவதால், 'தரக்கட்டுப்பாடு' என்று தொழிற்சாலை முகாமையாளரிடமிருந்து இரவல் பெற்ற சொல்லை இதற்கு வழங்குவது எமக்கு உடன்பாடன்று.

இத்துணைக் கேடு விளைக்கும் குறை ஏன் மறைந்தொழியவில்லை? இவ்வினாவுக்கு முதன்முதலில் தக்க விடையளித்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் மார்க்சிய அறிஞர். மத்தியதரைக் கடலோரத்தில் தலசீமியா பெருகியிருப்பதற்குக் காவிகள் மலேரியாவைக் கூடுதலாக எதிர்த்து நிற்பதே காரணமாகலாம் என்று 1948இல் ஸ்ரொக்ஹோமில் நடைபெற்ற மாநாட்டில் அவர் கருத்துரைத்தார். அது 1949இல் அச்சேறியது. ஏங்கெல்ஸின் 'இயற்கையின் இயக்கவியல்' ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. அந்த 1948 ஆகஸ்ற்றிலேயே மொஸ்கோவில் லைசென்கோவின் குழுவினர் பரம்பரையியலை முதலாளித்துவப் போலி விஞ்ஞானமென விலக்கிவைத்தனர் என்பதை மார்க்சியவாதிகளாகிய நாம் மூடிமறைத்தல் தகாது. ஹால்டேன் கட்சியை விட்டு விலகினார். 1957இல் இந்தியாவிற் குடியேறிய அவர் 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார்.

மலேரியா இந்நாட்டு இடதுசாரி வரலாற்றோடும் பின்னிப்பிணைந்தது. 1934–35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய வேளையில் கேகாலை, குருநாகல் பகுதிகளில் மூண்ட கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. பட்டினியால் நலிந்திருந்த ஏழை விவசாயிகளே பெரும்பாலும் மாண்டனர். சூரியமல் இயக்கத்தவரான என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர் கிராமம் கிராமமாகச் சென்று நிவாரணப் பணி புரிந்தனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டே கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லையிலிருந்து பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஒரு கொள்ளைநோய் ஒரு தலைமுறையிற் பரம்பரை அலகுகளின் பரம்பலை மாற்றிவிடாது; தலசீமியா பல நூற்றுக்கணக்கான தலைமுறைகளின் விளைவு. ஆயினும் எத்தகைய மரணங்களின் ஊடாக அவ்வலகு நிலைபெற்றது என்பதை 1934 எமக்குக் காட்டுகின்றது. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நுளம்பு தந்த நோய் போயிற்று. அதனை எதிர்த்து நின்ற உடல்களின் வடு எஞ்சியுள்ளது. காவிகளுக்கு அரணாயிருந்த அலகு நோயாளருக்கு அரணாகவில்லை என்பதும் கருதத்தக்கது. ஈமோகுளோபின் 'ஈ'–பீற்றாத் தலசீமியா நோயாளர் முன்னர் மலேரியாவுக்குக் கூடுதலாகவே ஆளாகியிருந்தனர் என 2009இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டிற்று.

சிகிச்சையைப் பற்றிச் சிறிது கூறுவோம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குருதி ஏற்றுவதே கடும் நோயாளருக்குரிய அடிப்படைச் சிகிச்சை. பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற அரச நிலையங்களில் அது இலவசம். குருதியோ பணம் பெறாத கொடையாளர் தருவது. ஆனால் ஏற்றப்படும் ஒவ்வொரு அலகு குருதியிலும் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு உண்டு. புரதத்தைச் சிதைக்க உடல் அறியும். இரும்பைச் சிதைக்கவும் இயலாது, மிகையை வெளியேற்றவும் வழியில்லை. அது இதயத்திலும் ஈரலிலும் படிந்து கொல்கின்றது. எனவே இரும்பகற்றும் மருந்து வாழ்நாள் முழுவதும் வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இத்தகைய தொடர்சிகிச்சையில் தங்கியிருப்போரின் நிலை எத்துணை நொய்தானது என்பது வெளிப்பட்டது.

அமெரிக்காவில் 2022இல் அங்கீகரிக்கப்பட்ட பரம்பரை அலகுச் சிகிச்சையொன்றின் விலை ஒரு நோயாளிக்கு 28 இலட்சம் டொலர். அடுத்து வந்த, காமாச் சங்கிலியை மீளத் தூண்டும் சிகிச்சையின் விலை 22 இலட்சம் டொலர். இவை சிறந்த விஞ்ஞானம் என்பதில் ஐயமில்லை. குருநாகல் நோயாளிக்கு இவை எட்டாக்கனி என்பதிலும் ஐயமில்லை. இவற்றோடு ஒப்பிடத்தக்கது 2019இல் வைஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. தன்விழுங்கலைத் தொடக்கிவைக்கும் ஒரு நொதியத்தை எலிகளில் நீக்கியபோது அல்பாத் திரள்கள் பெருகின; ரபமைசின் என்னும் மருந்தால் அந்நொதியத்தின் மீதுள்ள தடையை அகற்றியபோது திரள்கள் குறைந்தன, நோயும் தணிந்தது. மனித நோயாளரிடமிருந்து பெற்று வளர்க்கப்பட்ட கலங்களிலும் மிகை அல்பா குறைந்தது. ஈஸ்ரர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து 1970களில் பிரித்தெடுக்கப்பட்ட ரபமைசின், 1999 முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் வழங்கி வருவது. அதன் மூல ஆக்கவுரிமை காலங்கடந்துவிட்டது. நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தாதலின் அது தீங்கற்றதன்று. ஆக்கவுரிமை கடந்த பழைய மருந்தைப் புதிய நோய்க்கு முறையாகச் சோதிப்பதில் கம்பனிகளுக்கு இலாபமில்லை. அச்சோதனை எமது நாடுகளின் அரச பல்கலைக்கழகங்களுக்கே உரிய பணி என்பது எமது துணிபு.

நோயுள்ள பிள்ளைகள் பிறவாது தடுக்கும் வழியோ திருமணத்துக்கு முந்திய குருதிச் சோதனையே. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதியாத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையிலிருப்பதால், கருவிற் சோதித்து முடிவெடுக்கும் வழி இங்கு அடைபட்டுள்ளது. அச்சுமையைப் பெண்களே தாங்குகின்றனர். காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளை நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் காவியாயின் அவரது மச்சானோ மச்சாளோ அதே அலகைக் கொண்டிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. சொத்து வெளியே போகாதிருக்க உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம், அலகையும் வெளியே போகவிடுவதில்லை.

வெள்ளவத்தைத் தரகர்கள் கொண்டுவரும் குறிப்புகளில் நட்சத்திரம், செவ்வாய், சாதி, சீதனம், வெளிநாட்டு வதிவிட உரிமை யாவும் இடம்பெறும்; குருதி இடம்பெறுவதில்லை. அதனை இன்னொரு பொருத்தமாக அக்குறிப்பிற் சேர்த்துவிட்டால் போதும் என்று கருதுவோரும் உளர். அங்கு ஆபத்தும் உண்டு. செவ்வாய்தோஷம் பெண்ணைத் தாக்குமளவு ஆணைத் தாக்குவதில்லை. காவி என்ற சொல்லும் அவ்வழியே செல்லுதல் கூடும். பேச்சு முற்றிய பின்னர் மறைவாகக் கேட்டு, பெண் வீட்டாரை மட்டும் ஒதுக்கும் கருவியாகச் சோதனை ஆகிவிடலாகாது. காவி நோயாளியல்லர், காவியல்லாத ஒருவரை மணந்தால் அவரது பிள்ளைகளுக்குக் கடும் பீற்றாத் தலசீமியா வருவதுமில்லை. ஆகவே சோதனை பாடசாலையின் மேல்வகுப்புகளிலோ பல்கலைக்கழகத்திலோ, ஆண் பெண் இருபாலார்க்கும், திருமணப் பேச்சுக்கு நெடுநாள் முன்னரே நடைபெறுதல் வேண்டும்.

சோதனை அரியதன்று. முழுக் குருதி எண்ணிக்கை எனப்படும் வழமையான சோதனைத் தாளில் செங்குழியத்தின் சராசரிக் கனவளவு 80 ஃபெம்ரோலீற்றருக்கும், அதிலுள்ள ஈமோகுளோபினின் சராசரி நிறை 27 பிக்கோகிராமுக்கும் குறைவாயின் மேலும் ஆராய்தல் வேண்டும். இரும்புக் குறைபாட்டிலும் இவ்வெண்கள் குறையுமாதலின் அதனைத் தனியே சோதித்து அறிதல் வேண்டும். ஈமோகுளோபின் ஏ2 நூற்றுக்கு 3.5இற்கு மேற்பட்டிருப்பது பீற்றாத் தலசீமியாக் காவியின் அடையாளம். 'ஈ' திரிபு ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக்காட்டும் அதே சோதனையில் வேறாகவே தோன்றும்.